விமானப் பணியாளர்களின் உபசரிப்பு: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும், சென்னையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பல வருடங்களாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் யார் விமானம் ஏறி இறங்கினாலும் முதலில் பேசுவது விமானத்தைப் பற்றி இல்லை. "அந்தப் பொண்ணு நல்லா கவனிச்சுக்கிச்சு" என்பார்கள், இல்லையென்றால் "முகமே கொடுக்கல" என்பார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பயணிகள் எதை "நல்ல சர்வீஸ்" என்று சொல்கிறார்கள்?

சாப்பாடு, சிரிப்பு, தலையணை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் பார்த்தவரை, கேட்கத் தெரியாதவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அளவுகோல். ஆங்கிலம் பேசி, அடிக்கடி பறக்கிறவருக்கு எந்த விமானத்திலும் எல்லாம் கிடைத்துவிடும்.

சிங்கப்பூரில் இறங்குவதற்குக் காகித அட்டை நிரப்ப வேண்டியிருந்த காலம். திருச்சியிலிருந்து இரவு விமானம். என் பக்கத்தில் கட்டட வேலைக்கு முதல்முறையாகப் போகிற பையன். அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், பேனா இல்லை. காலிக் கப்புகளைச் சேகரித்துக்கொண்டு வந்த பணிப்பெண் அதைக் கவனித்துவிட்டார். பையை ஓரமாக வைத்துவிட்டு நடைபாதையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "பாஸ்போர்ட் குடுங்க தம்பி" என்று வாங்கி, ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் கேட்டு எழுதினார். தங்கப் போகும் முகவரி கேட்டதும் பையன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். வியர்வையில் மை கசிந்திருந்தது. அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்து எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இறங்குவதற்குள் இன்னும் நான்கைந்து பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அன்று கொடுத்த சாப்பாடு எனக்கு நினைவில் இல்லை.

அந்தச் சிரிப்பு உண்மையா, பயிற்சியில் வந்ததா?

பயிற்சியில் வந்ததுதான். ஆனால் அதனால் அது பொய் ஆகிவிடாது. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் டெல்டா நிறுவனத்தின் விமானப் பணியாளர்களை நெருக்கமாகப் பார்த்து, 1983-இல் இதை "உணர்ச்சி உழைப்பு" என்ற பெயரில் விளக்கினார். உடம்பு உழைப்பதைப் போலவே, உள்ளே எரிச்சல் இருந்தாலும் முகத்தையும் குரலையும் சாந்தமாக வைத்திருப்பதும் ஓர் உழைப்பு, அதுவும் சம்பளத்துக்குள் வருகிறது என்பது அவர் கருத்து. மூன்று குழந்தைகள் அழுகிற வரிசையில் நான்கு மணி நேரம் குரல் உயராமல் பேசிப் பாருங்கள், தெரியும். நர்ஸ் இதமாகப் பேசினால் "நடிக்கிறார்" என்று நாம் சொல்வதில்லையே.

வாசலில் நின்று வணக்கம் சொல்வது வெறும் மரியாதைக்கா?

மரியாதையும் உண்டு, வேலையும் உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். யார் குடித்திருக்கிறார், யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு நடக்கச் சிரமம், அவசரம் என்றால் கதவுப் பக்கம் உதவக்கூடிய திடகாத்திரமானவர் யார் என்பதையெல்லாம் மனதில் குறித்துக்கொள்வார்கள். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது மடக்கு இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களே, அப்போதும் சும்மா இல்லை. இப்போது ஏதாவது நடந்தால் எந்தக் கதவு, என்ன கட்டளை, யாருக்கு உதவி என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர்கள் பயிற்சியின் ஒரு பகுதி.

அப்படியானால் அவர்களுடைய முதல் வேலை உபசரிப்பு இல்லையா?

இல்லை. 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்று பணியாளர் எண்ணிக்கையை விதி வகுப்பதே பாதுகாப்புக்காகத்தான். பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய பயணிகள் விமான வகைக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது கடலோரக் காவல் படையின் சிறு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சிறு விமானத்தில் இருந்த ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனில் கத்தி வழிநடத்தினார்கள். எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. கேபினுக்குள் புகை பரவிக்கொண்டிருந்தபோது, எந்தப் பக்கம் தீ இல்லை என்று பார்த்துக் கதவு திறந்தவர்கள், கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை பானங்கள் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான்.

நம் நாட்டுப் பெயர் ஒன்றும் உண்டு: பணிப்பெண் நீர்ஜா பானோட். 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் பான் ஆம் விமானத்தை ஆயுததாரிகள் பிடித்தபோது, விமானிகளுக்குத் தகவல் போகச் செய்தவர், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை மறைக்கச் சொன்னவர், கடைசியில் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்றும்போது உயிர்விட்டவர். 23 வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. இந்திய அரசு அசோக சக்ரா விருது அளித்தது.

இந்த வேலைக்கு அழகும் வயதும்தான் தகுதி என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதியே வைத்திருந்தார்கள். 1930 மே மாதம் அமெரிக்காவில் எலன் சர்ச் முதல் பெண் விமானப் பணியாளராகப் பறந்தார். அவர் நர்ஸ். விமானத்தைக் கண்டு பயந்த மக்களுக்கு, உள்ளே ஒரு நர்ஸ் இருந்தால் தைரியம் வரும் என்று நிறுவனத்திடம் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். ஆனால் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு 25 வயதுக்குள், திருமணம் ஆகாமல், இன்ன எடைக்குள் என்று கட்டுப்பாடுகள் போட்டார்கள். இந்தியாவிலும் முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதி ஏர் இந்தியாவில் இருந்தது. நர்கேஷ் மீர்ஸா தொடுத்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "இந்த விமானத்தில் வயதானவர்கள்தான் வேலை செய்கிறார்கள்" என்று யாராவது குறையாகச் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். இருபது வருடம் பறந்தவர் பக்கத்தில் இருப்பதுதான் நமக்கு நல்லது.

சிலர் ஏன் முகம் கொடுப்பதே இல்லை?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று களைப்பு. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 180 பேருக்கு அதே வார்த்தைகளைச் சொல்கிறவர் அவர். சம்பள முறையும் பல நாடுகளில் விசித்திரமானது: கதவு மூடி விமானம் நகர ஆரம்பித்த பிறகே மணிக்கணக்கு ஓடும். நாம் முண்டியடித்துப் பெட்டி வைக்கிற அந்த அரைமணி நேரம் கணக்கில் வராது. டெல்டா நிறுவனம் 2022-இல்தான் அந்த நேரத்துக்கு, அதுவும் பாதி வீதத்தில், சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, தரையில் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று அலட்சியம். அதற்குக் களைப்பைச் சமாதானமாகச் சொல்ல மாட்டேன். ஒருமுறை என் அம்மாவோடு போனபோது, மாத்திரை போட அவர் மூன்று முறை தண்ணீர் கேட்டார். பணிப்பெண் "வரேன்" என்று சொல்லிவிட்டு மூன்று முறையும் முன் வரிசைக்காரர்களோடு பேசப் போய்விட்டார். அம்மா கேட்டது தமிழில், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி. நான் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டதும் ஒரு நிமிடத்தில் வந்தது. தண்ணீர் தாமதமானதை மறந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது.

டிக்கெட் விலை குறைந்தால் மரியாதையும் குறையுமா?

குறையக் கூடாது. குறைந்த கட்டண விமானத்தில் சாப்பாடு, பெட்டி, விருப்ப இருக்கை எல்லாம் தனிக் காசு, அது ஒப்பந்தம். "ஒரு டீகூடத் தரல" என்று பணிப்பெண்ணிடம் சண்டை போடுவதில் நியாயம் இல்லை. இந்திய உள்நாட்டு விமானங்களில் தண்ணீர் கேட்டால் தருவார்கள். வெளிநாட்டுக் குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் தண்ணீர் பாட்டிலுக்கும் காசுதான், அதனால் காலி பாட்டிலை எடுத்துப்போய் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குத் தனிக் கட்டணம் எந்த நிறுவனமும் போடவில்லை.

எப்படிக் கூப்பிடுவது? அந்த பட்டனை அழுத்தலாமா?

தாராளமாக அழுத்தலாம், அதற்குத்தான் இருக்கிறது. விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும், உடம்புக்கு முடியவில்லை என்பது போன்ற அவசரம் தவிர, அழுத்தாதீர்கள். அப்போது அவர்கள் எழுந்து வரக் கூடாது.

வாயால் கூப்பிடுவதென்றால் "சிஸ்டர்", "மேடம்", "சார்", "தம்பி" எதுவானாலும் சரி. குரலில் மரியாதை இருந்தால் போதும். "உஸ், உஸ்" என்பதும், விரலைச் சொடுக்குவதும், இடுப்பில் தட்டிக் கூப்பிடுவதும் வேண்டவே வேண்டாம். ட்ராலி போகும்போது கை தொட்டுக் கூப்பிடுவது நமக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஒரு நாளில் ஐம்பது பேர் தொட்டால் எப்படி இருக்கும் என்று அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள்.

தமிழில் பேசுவார்களா?

ஸ்ரீலங்கன் விமானங்களில் தமிழ் அறிவிப்பு வழக்கமானது. இந்திய நிறுவனங்களில் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும்தான். பணியில் தமிழர் இருந்தால் சில சமயம் தமிழிலும் வரும். தமிழில் வணக்கம் கேட்டதும் கேபினே கொஞ்சம் தளர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னை, மதுரை, திருச்சி, கோவை போகிற விமானங்களில் பாதுகாப்பு விளக்கமாவது தமிழில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிர் காக்கும் தகவல் புரியாத மொழியில் இருந்தால் அது தகவலே இல்லை.

அவசர வாசல் வரிசையில் உட்கார்ந்தவரிடம் வந்து கதவைத் திறக்கும் முறையைச் சொல்லி, "புரிந்ததா?" என்று கேட்பார்கள். புரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். "புரியல" என்றால் வேறு இடம் தருவார்கள், அவ்வளவுதான்.

அப்பா, அம்மா தனியாகப் போகிறார்கள். பணியாளர்களிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

டிக்கெட்டிலேயே வீல்சேர் உதவி கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் அழைத்துப்போகும் ஆள் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுக்கும் இடம் வரை கூடவே வருவார். விமானத்துக்குள் ஏறியதும், "முதல் தடவை வர்றேன்மா" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு பலன் உண்டு.

கழிவறைதான் பெரிய தயக்கம். பல விமானங்களில் கதவு வெளியே திறக்காது. நடுவில் அழுத்தினால் உள்பக்கம் மடியும். தாழ்ப்பாளை நகர்த்திய பிறகே உள்ளே விளக்கு முழு வெளிச்சம் தரும். கை கழுவத் தவிர, கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் குழாய் இருக்காது. ஃபிளஷ் சத்தம் தூக்கிவாரிப் போடும். இது எதுவும் தெரியாமல் ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். ஒரு விமானத்தில், வயதான ஓர் அம்மாவைக் கைபிடித்து அழைத்துப்போய், கதவை இரண்டு முறை திறந்து மூடிக் காட்டி, வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தார் ஓர் இளைஞர். ஆண் பணியாளர் என்றதும் முதலில் கூசிய அந்த அம்மா, இறங்கும்போது அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

ஊசி போடுவது, உணவு ஊட்டுவது, கழிவறைக்கு உள்ளே வந்து உதவுவது போன்றவற்றை அவர்கள் செய்ய மாட்டார்கள். அப்படித் தேவை இருந்தால் கூட ஆள் போகத்தான் வேண்டும்.

பெட்டியை மேலே தூக்கி வைக்க மறுத்தார். இது சரியா?

சரிதான். பல நிறுவனங்கள் பயணிகளின் பெட்டியைத் தூக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. ஒரு நாளில் நூறு பெட்டி தூக்கினால் முதுகு என்ன ஆகும்? முதியவர், கர்ப்பிணி என்றால் ஒரு கை கொடுப்பார்கள். மற்றபடி உங்களால் தூக்க முடியாத எடையை கவுன்ட்டரிலேயே போட்டுவிடுங்கள்.

சைவம் கேட்டேன், கோழி வந்தது. யார் தப்பு?

பெரும்பாலும் முன்பதிவுப் பெயரில் வரும் குழப்பம். "ஹிந்து மீல்" என்று இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் சைவம் என்று நினைத்துத் தேர்வு செய்கிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம்; எச்.என்.எம்.எல். என்று போட்டிருக்கும். நம் ஊர்ச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் "ஏஷியன் வெஜிடேரியன்", அதாவது ஏ.வி.எம்.எல். வி.ஜி.எம்.எல். என்றால் பால், தயிர்கூட இருக்காது. பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். மேலே போன பிறகு பணியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஏற்றாத தட்டை எங்கிருந்து கொண்டுவருவார்?

ருசி இல்லை என்பதற்கும் அவர்களைத் திட்ட வேண்டாம். கேபின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. காற்று வறண்டு, மூக்கும் நாக்கும் மந்தமாகி, உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரியும். 8,000 அடியில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் டீ சரியாக இறங்காது.

குலுங்குகிறது என்று காபி தர மறுத்துவிட்டாரே?

நல்ல வேலை செய்தார். 2024 மே 21-ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே கடுமையாகக் குலுங்கிப் பாங்காக்கில் இறக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானத்தோடு சாப்பாட்டையும் நிறுத்திவிடுவது என்று அதன் பிறகு அந்த நிறுவனம் விதியை இறுக்கியது. ட்ராலியோடு நடைபாதையில் நிற்பவருக்குத்தான் முதல் அடி விழும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

குடித்துவிட்டு ஒருவர் பணிப்பெண்ணிடம் தகராறு செய்தால்?

இந்தியாவில் உள்நாட்டு விமானங்களில் மது தருவதில்லை. ஆனாலும் குடித்துவிட்டு ஏறுகிறார்கள். 2017-இல் வந்த விதிப்படி, வாய் வார்த்தையில் அத்துமீறினால் 3 மாதம் வரை, கை வைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தாக நடந்தால் 2 வருடமோ அதற்கு மேலோ பறக்கத் தடை. போலீஸ் வழக்கு தனி. பக்கத்தில் இருக்கிற நாம் செய்யக்கூடியது, பார்த்ததைச் சாட்சியாகச் சொல்வது. "விடும்மா, பெரியவர்" என்று அந்தப் பெண்ணையே சமாதானம் செய்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டு, சரி என்றால் மட்டும். தெரியாமல் வீடியோ எடுப்பது தப்பு.

டிப்ஸ்?

நம் பக்கத்து விமானங்களில் வழக்கமில்லை. கொடுத்தால் சங்கடப்பட்டுத் திருப்பித் தருவார்கள்.

நன்றாகக் கவனித்தார் என்றால் எப்படித் தெரிவிப்பது?

இறங்கும்போது வாசலில் முகம் பார்த்து "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லலாம். அதைவிடப் பயனுள்ளது, நிறுவனத்தின் இணையதளத்தில் கருத்துப் பகுதியில் எழுதுவது. புகார் எழுத எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. பாராட்டு எழுதுகிறவர்கள் குறைவு. "சர்வீஸ் அருமை" என்று மட்டும் எழுதாமல் நடந்ததை எழுதுங்கள்: "என் மாமியாருக்குத் தலைசுற்றியபோது கால்களை உயர்த்தி வைத்து, அரைமணி நேரத்துக்கு மூன்று முறை வந்து பார்த்தார்." சட்டையில் குத்தியிருக்கும் பெயர் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் தேதி, விமான எண், உங்கள் இருக்கை எண் ஆகியவற்றை எழுதுங்கள். அன்று அந்தப் பக்கத்தில் யார் பணியில் இருந்தார் என்று அவர்களால் கண்டுபிடித்துவிட முடியும்.